சான்றிதழைத் தாண்டி: கட்டுமானத் தளக் கிரேன்களும் அவற்றை ஆளும் விதிகளும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

கிரேன் விபத்துகளின் விசாரணை முடிவுகளை வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று தெளிவாகும். எஃகு வலுவிழந்து முறிந்ததால் மட்டும் விழுந்த கிரேன்கள் குறைவு. காலடி நிலம் அமிழ்ந்து சாய்ந்தவை, காற்று தள்ளி விழுந்தவை, சுமையைக் கட்டிய பெல்ட் அறுந்ததால் சரிந்தவை, கழற்றும் வரிசை மாறியதால் கவிழ்ந்தவை ஆகியவையே மிகுதி. இவற்றில் எதையும் ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் சோதனையாளர் பார்த்திருக்க முடியாது. அவர் வந்த நாளில் அந்த நிலத்தின்மேல் கிரேன் நிற்கவில்லை. அந்தக் காற்று வீசவில்லை. அந்தச் சுமை ஹூக்கில் தொங்கவும் இல்லை.

கிரேன் பாதுகாப்பு விதிகளை இந்த நோக்கில் இரண்டாகப் பிரிக்கலாம். இயந்திரம் உறுதியாக இருக்கிறதா என்று கேட்பவை ஒரு வகை. இந்த இடத்தில், இந்த நேரத்தில், இந்தச் சுமையை இது தூக்கலாமா என்று கேட்பவை மற்றொரு வகை. முன்னது சான்றிதழில் முடியும். பின்னது, ஒவ்வொரு முறையும் ஒருவர் பொறுப்பேற்று எடுக்கவேண்டிய முடிவு. நம் நாட்டு விதிகள் முதல் வகையில் ஓரளவு நிறைவாகவும், இரண்டாம் வகையில் மிகத் தளர்வாகவும் இருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். டவர் கிரேன், மொபைல் கிரேன், நம் ஊர்ச் சாலைகளில் அன்றாடம் காணும் ஹைட்ரா ஆகியவை இதன் எல்லைக்குள் வரும். தொழிற்சாலைக் கூரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேன்களின் சிக்கல்கள் வேறு. அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

2. கிரேன் ஏன் கவிழ்கிறது

2.1 தூரம்

50 டன் கிரேன் என்று பெயர்ப் பலகையில் இருப்பதை அது 50 டன் தூக்கும் என்று எடுத்துக்கொள்வது தளங்களில் இன்றும் உள்ள பிழை. அந்த எண், பூமை (கிரேனின் நீளும் கையை) முழுக்க உள்ளிழுத்து, சுமையைக் கிரேனுக்கு மிக அருகில் வைத்துத் தூக்கும்போது மட்டும் பொருந்தும். சுமை தள்ளிப் போகப் போகத் தூக்குதிறன் சரசரவென்று இறங்கும். எந்தத் தூரத்தில், எந்தப் பூம் நீளத்தில், எவ்வளவு தூக்கலாம் என்பதை லோடு சார்ட் சொல்லும். அதில் காணும் எடையிலிருந்து ஹூக் பிளாக், ஸ்லிங், ஷாக்கிள் ஆகியவற்றின் எடையையும் கழிக்கவேண்டும்.

லோடு சார்ட்டைப் பார்க்கவேண்டுமானால் முதலில் சுமையின் எடை தெரியவேண்டும். தளத்தில் கேட்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான்: "அண்ணே, ரெண்டு டன்னுதான் இருக்கும், தூக்குங்க." அந்த "இருக்கும்" என்ற சொல்லுக்குப் பின்னால் எடைச்சீட்டும் கிடையாது, வரைபடக் கணக்கும் கிடையாது. கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை டன் என்ற ஒரு கணக்குத் தெரிந்திருந்தாலே பல தூக்கல்கள் தொடங்கும் முன்பே நின்றுவிடும்.

2.2 நிலம்

மொபைல் கிரேன் தூக்கும்போது அதன் எடையும் சுமையும் நான்கு அவுட்ரிக்கர்கள் (பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் கால்கள்) வழியாக நிலத்தில் இறங்கும். நான்கிலும் சமமாக இறங்குவதில்லை. பூம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்து அவுட்ரிக்கர்மேல் பெரும்பங்கு வந்து உட்காரும். ஒரு அவுட்ரிக்கரில் 40 டன் இறங்குகிறது என்று கொள்வோம். அதன் தட்டு அரை மீட்டருக்கு அரை மீட்டர் என்றால் நிலத்தின்மேல் அழுத்தம் சதுர மீட்டருக்கு 160 டன். மென் களிமண்ணுக்கு இந்தியத் தரநிலை தரும் உத்தேசத் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 10 டன்தான். தட்டுக்கடியில் ஒன்றரை மீட்டர் சதுர மேட் போட்டாலும் அழுத்தம் 18 டன் அளவில் நிற்கும். இரண்டு மீட்டர் சதுர மேட் போட்டால்தான் 10 டன்னுக்கு இறங்கும். அதுவும் மேட் வளையாமல் இருந்தால்.

சென்னையின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய நிலத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கணக்கின் பொருள் உடனே விளங்கும். மேலே ஓரடி கிராவல் கொட்டி ரோலர் ஓட்டியிருப்பார்கள். பார்வைக்குக் கெட்டித் தரை, அடியில் களி. நகரத் தளங்களில் இன்னொரு பொறியும் உண்டு. பழைய கழிவுநீர்த் தொட்டி, மண் மூடிய கேபிள் பள்ளம், அடித்தளத்துக்குத் தோண்டிய குழியின் விளிம்பு ஆகியவை கிரேன் ஓட்டுநருக்குத் தெரியாது. வாடகைக்கு வரும் கிரேனின் ஓட்டுநர் அந்தத் தளத்தைப் பார்ப்பதே அன்று காலையில்தான். நிலத்தின் கதை தெரிந்தவர் தளத்தின் முதன்மை ஒப்பந்ததாரர். அதைச் சொல்லும் கடமையை யார்மேல் சுமத்துவது என்பதில்தான் விதிகளின் தரம் வெளிப்படும். இதை ஐந்தாம் பகுதியில் காண்போம்.

2.3 காற்று

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். இந்தியத் தரநிலை 875-இன் மூன்றாம் பகுதி தரும் சூத்திரப்படி, வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து, இருமடியாக்கி, 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். மூன்று மீட்டருக்கு ஆறு மீட்டர் அளவுள்ள ஷட்டரிங் பேனல் ஒன்றைத் தூக்குகிறோம். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் அதன்மேல் பக்கவாட்டுத் தள்ளல் ஏறத்தாழ 110 கிலோ. 50 கிலோமீட்டரில் 210 கிலோ. 72 கிலோமீட்டரில் 440 கிலோ. இது பேனலின் வடிவத்துக்கான கூடுதலைச் சேர்க்காத கணக்கு. சுமை ஆடாமல் இருக்கக் கட்டும் கயிற்றை (டேக் லைன்) பிடித்து நிற்கும் இரண்டு ஆட்களால் 110 கிலோவையே சமாளிக்க முடியாது.

ஐரோப்பிய வடிவமைப்பு விதிகள் டவர் கிரேன் இயங்கும்போது தாங்கவேண்டிய காற்றை வினாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர், என்று வைக்கின்றன. இது கிரேனுக்கான வரம்பு. பரப்பு பெரிதாகவும் எடை குறைவாகவும் உள்ள சுமைக்கான வரம்பு இதற்கு வெகு கீழே. மில்வாக்கி நகரில் மில்லர் பார்க் பேஸ்பால் அரங்கம் கட்டியபோது 1999 ஜூலை 14 அன்று நடந்தது இந்த வேறுபாட்டுக்குச் சான்று. 400 டன்னுக்கும் மேல் எடையுள்ள கூரைப் பகுதியை ஒரு மாபெரும் கிரேன் தூக்கிக்கொண்டிருந்தது. காற்று கிரேனின்மேல் செலுத்தும் விசையைக் கணக்கிட்டவர்கள், அந்த அகன்ற கூரையின்மேல் செலுத்தும் விசையைக் கணக்கில் எடுக்கவில்லை. கிரேன் சரிந்தது. அருகில் வேறொரு கிரேனின் கூடையில் காத்திருந்த மூன்று இரும்பு வேலைத் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

வேலை நிறுத்திய பின்னும் காற்று வேலை செய்யும். 2015 செப்டம்பர் 11 அன்று மக்கா பெரிய மசூதியின் விரிவாக்கப் பணியில் நின்ற கிராலர் கிரேன் புயற்காற்றில் விழுந்தது. இந்தியர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட யாத்ரீகர்கள் இறந்தனர். அப்போது அந்தக் கிரேன் எதையும் தூக்கிக்கொண்டிருக்கவில்லை. வேலை இல்லாத நேரத்தில் தாழ்த்தி வைக்கவேண்டிய பூம் உயர்ந்தே நின்றது.

டவர் கிரேனுக்கு இந்தப் பாடம் வேறு வடிவில் வரும். அதை இரண்டு நாளில் கழற்றி இறக்கிவிட முடியாது. அதன் ஜிப்பை (மேலே நீண்டிருக்கும் கையை) கட்டிப்போடவும் கூடாது. திரும்பும் பிரேக்கை விடுவித்து, காற்றடிக்கும் திசைக்கு ஜிப் தானே திரும்பிக்கொள்ள விடவேண்டும். அப்போதுதான் காற்று படும் பரப்பு குறையும். புயல் நேரத்தில் கிரேன்களை இறக்குங்கள் அல்லது உறுதியாக நிலைநிறுத்துங்கள் என்ற பாணியில் அரசு அறிவிப்புகள் வருவதுண்டு. நல்ல எண்ணத்தில் வருபவைதான். ஆனால் "உறுதியாக நிலைநிறுத்து" என்பதைக் கேட்டு ஒரு தள மேலாளர் ஜிப்பைக் கம்பிக்கயிற்றால் கட்டிவிட்டால், விபத்துக்கு அவரே வழிசெய்தவர் ஆவார். ஜிப்பில் கட்டிய விளம்பரப் பதாகையும் பாய்மரமாகிவிடும். சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர் என்று தரநிலை சொல்கிறது. 2016 வர்தா புயலைக் கண்டவர்களுக்கு அந்த எண் வெறும் எண் அல்ல. அறிவிப்பில் கிரேன் வகை வாரியாக இரண்டு வரி கூடுதலாக எழுதுவது பெரிய வேலையும் அல்ல.

2.4 கட்டு

சுமையைக் கட்டும் ரிக்கர் கையில் இருக்கும் பெல்ட்டுக்கு (ஸ்லிங்) நிறம் உண்டு. ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன், சாம்பல் 4 டன், சிவப்பு 5 டன். பெல்ட் புதிதாக இருந்து, நேர்ச் செங்குத்தாகத் தொங்கும்போது மட்டும் இந்த எண்கள் பொருந்தும். 2 டன் சுமையை இரண்டு கால்களில் கட்டித் தூக்குகிறோம். கால்கள் கிடைமட்டத்தோடு 60 பாகையில் நின்றால் ஒவ்வொன்றிலும் 1.15 டன் இழுவை. 30 பாகைக்குச் சரிந்தால் ஒவ்வொன்றிலும் முழு 2 டன். அதே சுமை, அதே பெல்ட். கோணம் மட்டும் மாறியது. பெல்ட் நீளம் போதவில்லை என்று கட்டைப் பரப்பிக் கட்டும் ரிக்கர், தன் கையாலேயே அதன் வலிமையில் பாதியைக் கழித்துவிடுகிறார்.

எஃகுத் தூணின் விளிம்பு பெல்ட்டுக்குக் கத்தி. இடையில் ரப்பர்த் துண்டோ, நீளவாக்கில் பிளந்த பைப்போ வைக்கவேண்டும். 2008 மார்ச் 15 அன்று நியூயார்க்கில் கிழக்கு 51-ஆம் தெருவில் டவர் கிரேனை உயர்த்தும் பணி நடந்தபோது, மாஸ்ட்டை (கிரேனின் நெடுந்தூணை) கட்டடத்தோடு பிணைக்கும் சுமார் ஐந்து டன் எஃகுக் காலரைப் பாலியெஸ்டர் ஸ்லிங்குகளில் தொங்கவிட்டிருந்தார்கள். வேண்டிய எண்ணிக்கையில் பாதி ஸ்லிங்குகளே இருந்தன. கூர்விளிம்பில் காப்பும் வைக்கப்படவில்லை. ஸ்லிங்குகள் அறுந்து காலர் சரிந்தது. கீழே இருந்த காலரையும் அடித்துக் கழற்றியது. பிடிப்பை இழந்த மாஸ்ட் தெருவின் குறுக்கே விழுந்து ஏழு பேர் இறந்தனர். அத்தனை பெரிய இயந்திரம் ஒரு துணிப் பட்டையின் குறையால் சாய்ந்தது.

3. இந்திய விதிகளின் அமைப்பு

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவே நம் நாட்டில் தூக்கும் இயந்திரங்களுக்கான பழைய வேர். ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பெற்ற நபர் முழுமையாகச் சோதிக்கவேண்டும் என்ற கட்டளை அதில் இருந்தது. கட்டுமானத்துக்கென்று தனியாக வந்தது 1996-ஆம் ஆண்டுக் கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டம். அதன் கீழ் 1998-இல் மத்திய விதிகளும், 2006-இல் தமிழ்நாடு விதிகளும் வந்தன. தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இவற்றைச் செயற்படுத்துகிறது. 2020-இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது, 1996-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்கள் அதில் அடங்கின.

1998-ஆம் ஆண்டு விதிகளை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. தூக்கும் கருவிகளுக்கென்று ஒரு முழு அத்தியாயமே அதில் உண்டு. முதன்முறை பயன்படுத்தும் முன்பும், பழுது பார்த்த பின்பும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் சுமைச் சோதனை. 12 மாதங்களுக்கு ஒருமுறை முழு ஆய்வு. தூக்குதிறன் மாறும் கிரேன்களுக்குத் தானியங்கி எச்சரிக்கைக் கருவி. கருவியின்மேல் எழுதப்பட்ட பாதுகாப்பான சுமையளவு. பதிவேடு என்று விரிவாகச் செல்கிறது. டவர் கிரேனுக்குத் தனி விதி உண்டு. ஆட்கள் இருக்கும் கட்டடம், பொது வழி, ரயில் பாதை, மின்கம்பி ஆகியவற்றின் மேலாகச் சுமை செல்லாதபடி அதை நிறுத்தவேண்டும். அருகருகே இரண்டு கிரேன்கள் இருந்தால் ஓட்டுநர்களுக்கிடையே நேர்த் தொடர்பு வேண்டும்.

சில இடங்களில் விதி காலத்தால் பின்தங்கியிருப்பதும் தெரிகிறது. கம்பிக்கயிற்றை எடுத்துக்கொள்வோம். விட்டத்தின் எட்டு மடங்கு நீளத்தில், கண்ணுக்குத் தெரியும் அறுந்த கம்பிகள் மொத்தக் கம்பிகளில் பத்து விழுக்காட்டைத் தாண்டினால் கயிற்றை விலக்கவேண்டும் என்பது நம் விதி. 20 மில்லிமீட்டர் கயிற்றில் அது 160 மில்லிமீட்டர் நீளம். தளங்களில் சாதாரணமாகக் காணும் ஆறு புரி, புரிக்கு 36 கம்பி என்ற கயிற்றில் மொத்தம் 216 கம்பிகள். ஆக ஒரு சாண் அளவுக்கும் குறைவான இடத்தில் 21 கம்பிகள் அறுந்திருந்தாலும் விதிப்படி அந்தக் கயிறு ஓடலாம். அமெரிக்க விதியில், ஓடும் கயிற்றில் புரி ஒருமுறை சுற்றி வரும் நீளத்துக்குள் ஆறு கம்பிகள் அறுந்தாலே குறை. ஒரே புரியில் மூன்று அறுந்தாலும் குறை. அந்தச் சுற்று நீளம் விட்டத்தின் ஆறேழு மடங்குதான். வெளியே தெரியும் அறுந்த கம்பி ஒவ்வொன்றுக்கும் உள்ளே தெரியாதவை இருக்கும் என்பதைக் கயிற்றோடு பழகிய எந்த மெக்கானிக்கும் சொல்வார். இந்த எண்ணைத் திருத்த ஆய்வோ ஆணையமோ வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய இடைவெளி ஓட்டுநரின் தகுதியில் இருக்கிறது. கிரேன் ஓட்டுபவரும் சிக்னல் கொடுப்பவரும் முழுத் திறமையும் நம்பகத்தன்மையும் உடையவராக இருக்கவேண்டும், குறித்த காலத்தில் மருத்துவச் சோதனைக்கு உட்படவேண்டும் என்கிறது விதி. நல்ல வாசகம். ஆனால் அந்தத் திறமையை அளப்பவர் யார்? வேலை கொடுப்பவரே. சாலையில் ஒரு ஹைட்ராவை ஓட்டிச் செல்ல உரிமம் வேண்டும். நாற்பது மாடி உயரத்தில் டவர் கிரேனின் கேபினில் உட்கார்ந்து, கீழே நூறு பேரின் தலைக்குமேல் சுமையைத் திருப்புவதற்கு நாடு முழுவதற்கும் பொதுவான அரசு உரிமம் ஏதுமில்லை. பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் பயிற்சிச் சான்றும் கேட்கின்றன. அது அவர்களின் நல்லொழுக்கம். சட்டத்தின் கட்டாயம் அல்ல.

சோதனையைப் பற்றி ஒரு சொல். சுமைச் சோதனை பாதுகாப்பின் உச்சம் என்று நம்பப்படுகிறது. 2020 ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினத்தில் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டில் 70 டன் கிரேன் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோதுதான் அது சரிந்து 11 பேர் இறந்தார்கள். கப்பல் கட்டும் தளம் கட்டுமானச் சட்டத்தின் கீழ் வராது என்பது வேறு. சோதனையும் ஒரு தூக்கல்தான். தெரிந்தே எல்லை வரை, அதையும் தாண்டித் தூக்கும் வேலை. அந்த நேரத்தில் கிரேனின்மேலும் அதன் விழும் எல்லைக்குள்ளும் யார் இருக்கலாம் என்பதைத் திட்டமிடாத சோதனை, சான்றிதழுக்காக ஆட்களைப் பணயம் வைக்கும் சோதனை.

4. வாடகைக் கிரேனும் சட்டத்தின் விளிம்பும்

நம் நாட்டு மொபைல் கிரேன்களில் பெரும்பகுதி வாடகைக்கு ஓடுபவை. காலையில் ஒரு தளத்தில் தூண் நிறுத்தும். மாலையில் இன்னொரு தெருவில் ஜெனரேட்டர் இறக்கும். ஞாயிற்றுக்கிழமை ஊர்த் திருவிழாவுக்குப் போகும். சட்டமோ கிரேனைத் தொடர்ந்து செல்வதில்லை. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள கட்டுமானத் தளத்துக்குள் அது இருக்கும்வரைதான் கட்டுமான விதிகளின் பார்வை அதன்மேல் இருக்கும்.

2023 ஜனவரி 22 அன்று அரக்கோணத்தை அடுத்த நெமிலி அருகே கீழ்வீதியில் கோயில் விழா. சுவாமிக்கு மாலை அணிவிக்க ஆட்களை ஏற்றிச் சென்ற கிரேன் கவிழ்ந்து நான்கு பேர் இறந்தனர். 2020 பிப்ரவரி 19 அன்று பூந்தமல்லி அருகே ஒரு படப்பிடிப்புத் தளத்தில் விளக்குகளைத் தாங்கிய கிரேன் விழுந்து மூன்று பேர் இறந்தனர். இரண்டும் கட்டுமானத் தளங்கள் அல்ல. ஆனால் ஒரு கட்டுமானத் தளத்தில் கிரேன் கொக்கியில் ஆட்களைத் தொங்கவிட்டுத் தூக்கியிருந்தால், 1998-ஆம் ஆண்டு விதியே அதைத் தடுத்திருக்கும். ஆட்களை ஏற்றுவதற்கென்று வடிவமைத்த கூடை, அதற்கான காப்புகள் என்று அங்கே தெளிவான நிபந்தனை உண்டு. தளத்தின் வாசலைத் தாண்டியதும் அந்த நிபந்தனை உதிர்ந்துபோகிறது. கிரேன் அதே கிரேன். ஓட்டுநரும் அதே ஓட்டுநராக இருக்கலாம்.

வாடகைக் கிரேன்களில் தனியாகப் பேசப்படவேண்டியது ஹைட்ரா. சுமையை முன்னால் தொங்கவிட்டபடியே நகர்ந்து செல்லக்கூடிய, நடுவில் மடங்கித் திரும்பும் சிறு கிரேன் அது. விலை மலிவு, சந்துக்குள்ளும் நுழையும், அவுட்ரிக்கர் போடவேண்டியதில்லை. இந்தியக் கட்டுமானம் இதன் முதுகில்தான் நடக்கிறது என்றால் மிகையில்லை. இதன் ஆபத்துகளும் அதே குணங்களிலிருந்து பிறப்பவை. வண்டி மடங்கித் திரும்பும்போது நிலைத்தன்மை குறையும். பழைய மாதிரிகளில் கேபின் பின்னால் இருப்பதால் பூமும் சுமையும் சேர்ந்து ஓட்டுநரின் பார்வையை மறைக்கும். சுமை ஆடாமல் இருக்க ஹெல்ப்பர் அதைக் கையால் பிடித்தபடி வண்டியின் முன்னால் பின்னோக்கி நடப்பார். அவர் கால் தடுக்கினால் ஓட்டுநருக்குத் தெரியாது. கேபினை முன்னால் வைத்த புதிய மாதிரிகள் வந்துவிட்டன. பல பெரிய நிறுவனங்கள் பழைய ஹைட்ராவைத் தங்கள் தளங்களுக்குள் விடுவதில்லை. வெளியே தள்ளப்பட்ட அந்த வண்டிகள் காயலான் கடைக்குப் போகவில்லை. பாதுகாப்பு அலுவலர் இல்லாத சிறு தளங்களுக்குப் போயின. டேக் லைன் இல்லாமல் சுமையோடு நகரக்கூடாது, சுமைக்கும் வண்டிக்கும் நடுவே ஆள் நடக்கக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளை ஹைட்ராவுக்கென்றே சட்டத்தில் எழுதும் நேரம் எப்போதோ வந்துவிட்டது.

பெயர் மாறுவதாலும் பொறுப்பு நழுவுகிறது. 2023 ஆகஸ்ட் 1 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் ஷாஹாபூர் அருகே விரைவுச்சாலைப் பாலப் பணியில் பாலத்தின் உத்தரங்களைத் தூக்கி வைக்கும் கர்டர் லாஞ்சர் சரிந்து, தமிழகத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட 20 பேர் இறந்தனர். லாஞ்சரைத் தளத்தில் யாரும் கிரேன் என்று அழைப்பதில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான டன்களைத் தூக்கி நகர்த்தும் அது, கிரேனுக்குரிய ஒவ்வொரு கேள்விக்கும் உட்பட்டது: எதன்மேல் நிற்கிறது, எதனோடு பிணைந்திருக்கிறது, எந்த வரிசையில் நகர்கிறது, அந்த வரிசை மாறினால் நிறுத்துபவர் யார்?

5. அமெரிக்க விதி: பொறுப்பைப் பெயரிட்டுக் கொடுத்தல்

அமெரிக்கா 1971 முதல் வைத்திருந்த கிரேன் விதியை மாற்ற ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. கிரேன் உற்பத்தியாளர், உரிமையாளர், ஒப்பந்ததாரர், தொழிற்சங்கம், மின்நிறுவனம் ஆகிய தரப்புகளிலிருந்து 23 பேர் கொண்ட குழு 2003 முதல் 2004 வரை உட்கார்ந்து பேசி வரைவைத் தந்தது. இறுதி விதி வெளிவந்தது 2010 ஆகஸ்ட் 9 அன்று. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில்தான் நியூயார்க்கின் அந்தக் கிரேன் விழுந்தது. ஓட்டுநர் சான்று கட்டாயம் என்ற பகுதி 2014-இல் வரவேண்டியது. தள்ளித் தள்ளி 2018-இல் வந்தது. பணக்கார நாட்டிலும் பாதுகாப்பு விதி நத்தை வேகத்தில்தான் நகர்ந்திருக்கிறது.

அந்த விதியில் நாம் கற்கவேண்டியது அதன் எண்களைவிட அதன் இலக்கணம். ஒவ்வொரு கடமைக்கும் எழுவாய் இருக்கிறது. நிலத்தைத் தயார் செய்வது தளத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்ததாரரின் கடமை. தளத்துக்கடியில் தொட்டி, குழாய், பள்ளம் இருப்பது அவருக்குத் தெரிந்தால் கிரேன் இயக்குபவருக்குச் சொல்வதும் அவர் கடமை. பூட்டுவதையும் கழற்றுவதையும் அதற்கென்று பொறுப்பேற்ற ஒருவர் நேரில் நின்று நடத்தவேண்டும். செயற்கை இழை ஸ்லிங்குகளைக் கூர்விளிம்பிலிருந்து காக்கவேண்டும். 51-ஆம் தெருவை நினைத்தால் அந்த வரியின் எடை புரியும். 350 கிலோவோல்ட் வரையிலான மின்கம்பிகளுக்கு 20 அடி தள்ளியே இருக்கவேண்டும் என்பது பொது எல்லை. நெருங்கவேண்டுமானால் மின்னழுத்தத்தைக் கேட்டறிந்து மேலும் பல காப்புகளைச் செய்யவேண்டும். நிறுத்து என்ற சைகையை யார் கொடுத்தாலும் ஓட்டுநர் அதற்குக் கீழ்ப்படியவேண்டும். பாதுகாப்பில் ஐயம் வந்தால், தகுதி பெற்ற ஒருவர் பார்த்துத் தீர்க்கும்வரை சுமையைத் தூக்க மறுக்கும் அதிகாரம் ஓட்டுநருக்கு உண்டு.

விதி இருப்பதாலேயே விபத்து நின்றுவிடவில்லை. 2019 ஏப்ரல் 27 அன்று சியாட்டிலில் டவர் கிரேனைக் கழற்றும்போது, வேலையைச் சீக்கிரம் முடிக்க மாஸ்ட்டின் பின்களை முன்கூட்டியே கழற்றிவிட்டிருந்தார்கள். காற்று ஒருமுறை பலமாக அடித்தது. நான்கு பேர் இறந்தனர். அவர்களில் இருவர் கீழே தெருவில் காரில் போய்க்கொண்டிருந்தவர்கள். உற்பத்தியாளரின் கையேடு வேறு வரிசையைச் சொல்லியிருந்தது. ஆனால் யார் தவறினார்கள், எந்தக் கடமையில் தவறினார்கள் என்பதைத் தேட விசாரணையாளர்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. எழுவாய் உள்ள விதியின் பயன் அது.

6. சிங்கப்பூர்: காகிதத்தில் ஒவ்வொரு தூக்கலும்

சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களில் தமிழகத்து ஆட்கள் ரிக்கராக, சிக்னல்மேனாக, கிரேன் ஓட்டுநராக ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். அங்கே 2011-ஆம் ஆண்டுக் கிரேன் இயக்க விதிகள் எந்தத் தூக்கலுக்கும் முன்கூட்டியே தூக்கல் திட்டம் வேண்டும் என்கின்றன. திட்டத்தில் சுமையின் எடை, தூரம், கட்டும் முறை, நிலம், வழி எல்லாம் எழுதியிருக்கவேண்டும். தூக்கல் மேற்பார்வையாளர், ரிக்கர், சிக்னல்மேன் என்று ஒவ்வொருவரையும் பெயர் குறித்து அமர்த்தவேண்டும். அவர்கள் பயிற்சி பெற்றவர்களாக இருக்கவேண்டும். ஓட்டுநர் மனிதவள அமைச்சில் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும். இயந்திரச் சோதனையும் உண்டு. 12 மாதங்களுக்கு ஒருமுறை, ஆட்களை ஏற்றுவதென்றால் 6 மாதங்களுக்கு ஒருமுறை. ஆனால் அமைப்பின் மையம் திட்டத்தில்தான் இருக்கிறது.

அங்கிருந்து திரும்பி வந்த ரிக்கர் ஒருவர் நம் தளத்தில் சேரும்போது நடப்பதைக் கவனித்தால் இரண்டு அமைப்புகளின் வேறுபாடும் கண்ணுக்குத் தெரியும். பெல்ட்டை விரித்து இரு பக்கமும் பார்க்கிறார். டேக் கிழிந்திருந்தால் ஓரமாக எறிகிறார். சுமையைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்தச் சொல்லிச் சுற்றி வருகிறார். சில வாரங்கள் இப்படிச் செய்வார். பிறகு, எறிந்த பெல்ட்டுக்கு மாற்று வராது. ஒரு சாண் நிறுத்துவது நேர விரயம் என்று மேஸ்திரி சத்தம் போடுவார். கற்ற பழக்கம் உதிரத் தொடங்கும். திறமை அவரிடம் இருந்தும் அதைத் தாங்கும் விதி இங்கே இல்லை.

மொழியையும் சொல்லவேண்டும். சென்னைத் தளங்களில் டவர் கிரேன் ஓட்டுநர் ஜார்க்கண்டிலிருந்தும், ரிக்கர் ஒடிசாவிலிருந்தும், மேற்பார்வையாளர் விழுப்புரத்திலிருந்தும் வந்திருப்பார்கள். வாக்கி-டாக்கியில் கலாசிகளின் பழைய பேச்சான "ஹாபிஸ்" (தூக்கு), "ஆரியா" (இறக்கு) ஆகியவற்றோடு இந்தியும் தமிழும் ஓடும். பல தளங்களில் ஒரே அலைவரிசையில் இரண்டு கிரேன்களின் பேச்சும் கலக்கும். ஒரு கிரேனுக்கு ஒரு தனி அலைவரிசை, தூக்கு-இறக்கு-நிறுத்து என்பவற்றுக்குத் தளம் முழுவதும் ஒரே சொல் என்ற ஏற்பாட்டுக்குச் செலவு மிகச் சொற்பம்.

7. நிறுத்தும் உரிமையும் அதன் விலையும்

புதிய சட்டத் தொகுப்பின் 14-ஆம் பிரிவு, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை வேலை கொடுப்பவருக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்கிறது. வேலை கொடுப்பவர் உடனே சரிசெய்யவேண்டும். கருத்து வேறுபட்டால் ஆய்வாளர் முடிவு செய்வார். தூண் ஒன்று ஹூக்கில் தொங்கிக்கொண்டு, காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது இந்த வழி உதவாது. கேபினில் இருப்பவருக்குத் தேவை முறையீடு செய்யும் உரிமை அல்ல, நெம்புகோலைச் சும்மா விடும் உரிமை. அதை விதி, ஒரே வாக்கியத்தில், கிரேன் ஓட்டுநர் என்று பெயரிட்டே சொல்லவேண்டும்.

சட்டத் தொகுப்பின் கீழ் உருவாகும் விதிகளிலும் தரநிலைகளிலும் இன்னும் மூன்று சேர்க்கைகள் வேண்டும் என்று கருதுகிறேன். முதலாவது, கிரேனோடு பயணம் செய்யும் பதிவேடு. தளத்துக்குத் தளம் புதிய காகிதம் போடாமல், சோதனை, பழுது, கயிறு மாற்றிய நாள், எச்சரிக்கைக் கருவி துண்டிக்கப்பட்ட நிகழ்வு என்று எல்லாம் வண்டியின் எண்ணோடு ஒரே இடத்தில் இருக்கவேண்டும். கோயில் விழாவுக்குப் போனாலும் படப்பிடிப்புக்குப் போனாலும் அந்தப் பதிவேடும் அதன் நிபந்தனைகளும் கூடவே போகவேண்டும். இரண்டாவது, டவர் கிரேனையும் பெரிய மொபைல் கிரேனையும் ஓட்டுபவருக்கு அரசு உரிமம். தேர்வு தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் நடக்கவேண்டும், தேர்வின் பெரும்பகுதி எழுத்தில் இல்லாமல் கேபினில் இருக்கவேண்டும். மூன்றாவது, சுமையின் எடை, தூரம், நிலம், காற்று வரம்பு ஆகிய நான்கை மட்டும் கேட்கும் ஒரு பக்கத் தூக்கல் சீட்டு. சிங்கப்பூர்த் திட்டம் அளவுக்கு விரிவு வேண்டாம். நான்கு கட்டங்களில் ஒன்றை நிரப்ப முடியாவிட்டால் தூக்கல் தொடங்கக்கூடாது. பெரிய நிறுவனங்களின் தளங்களில் இதைவிட நீளமான படிவங்கள் இப்போதே உண்டு. ஆனால் பலவற்றில் கையெழுத்து மொத்தமாகக் காலையிலேயே விழுந்துவிடுகிறது. ஆகவே சீட்டில் நேரமும் எழுதவேண்டும்.

இத்தனையும் எழுதிய பிறகும், மறுப்பவரின் வயிற்றுப்பாட்டை விதி தொடாவிட்டால் எதுவும் நிற்காது. நம் ஊரில் கிரேன் வாடகை மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 10 மணி என்ற கணக்கில் பேசப்படுவது வழக்கம். வண்டி நின்ற நேரத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதில் உரிமையாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஓயாத இழுபறி. காற்றுக்காக இரண்டு மணி நேரம் நிறுத்திய ஓட்டுநரின் செயல் பில்லில் கழிவாக விழுகிறது. மூன்றாவது முறை நிறுத்தினால் உரிமையாளரே வேறு ஓட்டுநரை அனுப்புகிறார். ஆகவே பாதுகாப்புக் காரணத்தால் நின்ற நேரத்துக்கும் வாடகை உண்டு என்ற சரத்து வாடகை ஒப்பந்தங்களில் கட்டாயமாக வேண்டும். காரணத்தைச் சீட்டில் எழுதி, ஓட்டுநரும் தூக்கல் மேற்பார்வையாளரும் கையெழுத்திட்டால் போதும். பொதுப்பணித்துறை, நெடுஞ்சாலைத்துறை, மெட்ரோ போன்ற அரசு டெண்டர்களில் இந்தச் சரத்தைச் சேர்க்கப் புதிய சட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த டெண்டர் ஆவணத்திலேயே எழுதலாம்.